ஒச்சப்பனுக்குப் போட்ட ஊசி

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் மிளகு மூட்டை ஏற்றும் பெட்டி ஆட்டோ ஓட்டுபவன் மாரிச்செல்வம். ஊர் கோவில்பட்டிப் பக்கம். ஒருநாள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தான். குடல்வாலை உடனே எடுத்தாக வேண்டுமென்று ஆபரேஷனுக்குக் கொண்டுபோனார்கள்.

ஆபரேஷன் முடிந்து நினைவு வந்தது. உடம்பு வரவில்லை. இமையைத் தூக்கப் பார்த்தான், முடியவில்லை. மூச்சை இழுத்தான், நெஞ்சு எழவில்லை. தொண்டைக் குழாய் வழியே மெஷின்தான் காற்றைத் தள்ளிக்கொண்டிருந்தது.

"எந்தா, உணருன்னில்லல்லோ?" தலைமாட்டில் ஒரு நர்ஸ் மலையாளத்தில் கேட்டாள். இன்னும் எழவில்லையாம்! முழித்துத்தான் இருக்கிறேன் என்று கத்தினான். சத்தம் உள்ளேயே சுற்றிச் செத்தது. விரல் அசைய சாயங்காலம் ஆயிற்று.

மறுநாள் மயக்க டாக்டர் ஸுப்ரியா வந்தார். பாலக்காட்டுத் தமிழ்க்காரர்.

"குழாய் போடறதுக்காக உடம்பைத் தளர்த்த ஒரு ஊசி உண்டு. எல்லாருக்கும் அது சட்டுனு விட்டுப்போகும். ரத்தத்துல இருக்கற ஒரு பொருள் அதை உடைச்சுடும். உங்களுக்கு அந்தப் பொருள் இல்லையோன்னு சம்சயம். ஜீன்ல வர்ற குறை. டெஸ்டுக்கு அனுப்பியிருக்கேன்."

"இத்தனை வருஷமா நல்லாத்தான டாக்டர் இருந்தேன்?"

"அதான் கஷ்டம். இந்த ஊசி படற வரைக்கும் தெரியவே தெரியாது. அப்பா அம்மா சொந்தமா?"

"அம்மா, அப்பாவோட அக்கா மக."

"வீட்டுல வேற யாருக்காவது ஆபரேஷன்ல ஏதாவது…?"

மாரிச்செல்வம் மனைவி இசக்கிசெல்வியைப் பார்த்தான். அவனுடைய அண்ணன் ஒச்சப்பன் கால் முறிந்து ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்குப் போனவன். ஹார்ட் நின்றுபோனது என்று சொல்லித்தான் உடம்பைக் கொடுத்தார்கள். அவனும் உள்ளே முழித்துக் கிடந்தானா? யாருக்கும் கேட்காமல் கத்தினானா?

"ஏங்க, மகா!" என்று இசக்கிசெல்வி அலறினாள்.

மாரிச்செல்வத்தின் தங்கை மகா சிவகாசியில் நிறைமாதம். பல தடவை போன் அடித்த பிறகுதான் அவள் புருஷன் எடுத்தான். "பிள்ளைக்குத் துடிப்பு குறையுதாம் மச்சான். முழு மயக்கம் குடுக்கணும்னு இப்பதான் உள்ள கொண்டுபோனாங்க."

ஸுப்ரியா போனைப் பிடுங்கினார். "கதவைத் தட்டுங்கோ! மயக்க டாக்டர்கிட்ட போனைக் குடுங்கோ!"

அவன் தட்டினான். அங்கே ஊசி மாறியது. பெண் குழந்தை பிறந்தது.

பிறகு வந்த ரிசல்ட்டில் மாரிச்செல்வத்துக்கும் மகாவுக்கும் ஒரே குறை. மகா கட்டியிருப்பதும் மாமன் மகனைத்தான். குழந்தைக்கும் பார்த்துவிடுவது நல்லது என்றார் ஸுப்ரியா. அதைச் சொல்லவே மாரிச்செல்வம் சிவகாசிக்குப் போனான்.

மகா குழந்தையை இறுக்கிக்கொண்டாள். "வேண்டாம்ணே. இவளுக்கு ஒண்ணும் இல்லைன்னே நான் இருந்துக்கிடுறேன்."

கிளம்பும்போது தங்கை புருஷனைத் தனியே அழைத்தான். "புள்ளைய எந்த ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனாலும் முதல்ல இதைச் சொல்லிரு மாப்பிள. மறந்துராத."

அவன் சரி என்று தலையாட்டினான். அவன் கண் உள்ளே அழுகிற குழந்தையின் பக்கமே இருந்தது.