அந்த ஆப் பேரு என்னங்க?

புருஷன் போனில் சம்மதம் அழுத்தினால்தான் மனைவிக்கு வாசல் கதவு திறக்கும் என்று ஒரு கதையைப் போன வாரம் இங்கே போட்டிருந்தேன் இல்லையா?

இன்று காலை காந்திபுரம் பஸ்ஸில் இருக்கும்போது, முன்பின் தெரியாத ஒருவர் இன்பாக்ஸில் வந்தார்.

"வணக்கமுங்க. கதை அருமைங்க. அந்த ஆப் பேரு என்னங்க?"

அது கற்பனைங்க என்றேன்.

"பரவால்லீங்க, செஞ்சு குடுக்க ஆளு இருக்குதுங்க. ஊட்டுல பொம்பளைங்க பத்திரமா இருந்தாச் சரிங்க."

இவ்வளவு மரியாதையாக யாரும் என்னைப் பயமுறுத்தியதில்லை.

அவருடைய ப்ரொஃபைல் பக்கத்தில் ஒரு குடும்பப் படம் இருந்தது. மனைவி முகத்தின் மேல் மட்டும் ரோஜாப்பூ ஸ்டிக்கர்.

இறங்கும் நேரத்தில் அதே கணக்கிலிருந்து இன்னொரு செய்தி.

"அக்கா, அவரு குளிக்கப் போயிருக்காருங்க. கதையில அந்தப் பொண்ணு கடைசியில வெளிய போயிருவாளுங்களா?"

நான் பதில் அடிப்பதற்குள் அது அழிந்துபோனது. கொஞ்ச நேரத்தில் அவரே கேட்டார்.

"ஏனுங்க, இதுலிருந்து ஏதாச்சும் மெசேஜ் வந்துச்சுங்களா?"

"இல்லீங்க."

இந்தப் பதிவை அவர் கண்ணில் படாதபடி மறைத்திருக்கிறேன். கதையை மறைக்கவில்லை.

என் கதையில் அவள் வெளியே போவதில்லை. இன்று முடிவை மாற்றிப் போடப் போகிறேன். அவள் எப்படிப் போகலாம் என்று சொல்லுங்கள். கற்பனை வேண்டாம், நிஜமாகவே நடக்கக்கூடிய வழியாக இருக்கட்டும்.