பயமில்லாத ஊர் என்று எழுதினேன்

கொழும்பிலிருந்து தங்கையின் கடிதம் வந்தபோது நான் மொரீஷியஸுக்கு வந்து எட்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. வழக்கமாக அவள் பிள்ளைகளின் இருமலையும் மாமியாரின் மூட்டுவலியையும்தான் எழுதுவாள். இந்த முறை ஒரே கேள்வி.

“அக்கா, உண்மையாச் சொல்லு. பிள்ளையளோட அங்க வந்து இருக்கலாமோ? அத்தான் சொல்றதை எழுதாத. நீ நினைக்கிறதை எழுது.”

அவள் கணவர் கணக்கு ஆசிரியர். இங்கே தலைநகர் போர்ட் லூயியில் கணக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் தேடிக்கொண்டிருந்த பள்ளிக்கூடம் ஒன்றில் என் கணவர் அவருக்காகப் பேசி வைத்திருந்தார். நான் சரி என்று எழுதினால் பங்குனியில் அவர் வேலையை விட்டுவிடுவார்.

நான்கு பக்கம் பதில் எழுதினேன். எதையும் மறைக்கவில்லை. கொழும்பில் நமக்கு ஓட்டு வீடு, கிணறு, மின்விளக்கு, கூப்பனுக்கு அரிசி. இங்கே நான் வந்து இறங்கியது போர்ட் லூயியை ஒட்டிய ரோஷ் புவாவில் ஒரு தகர வீட்டில். தெருமுனைக் குழாயில்தான் தண்ணீர். நான் வந்த அடுத்த ஆண்டே பெரும் புயல் அடித்துக் கூரையைக் கொண்டுபோய்விட்டது. பதினோரு நாள் பள்ளிக்கூட வகுப்பறையில் படுத்தோம். அரிசியும் பருப்பும் கப்பலில் வந்தால்தான் உண்டு. இவர் வீட்டில் தேவாரம் பாடுவார்கள், அம்மா அப்பா அத்தை என்று கூப்பிடுவார்கள், மற்றப்படி பேச்செல்லாம் பிரெஞ்சிலிருந்து பிறந்த கிரெயோல்தான். முதல் இரண்டு ஆண்டு தமிழில் சண்டை பிடிக்கக்கூட எனக்கு ஆள் இருக்கவில்லை, இவரைத் தவிர. இவர் சென்னையில் படித்தவர். என் அண்ணாவின் வகுப்புத் தோழர்.

இவ்வளவையும் எழுதிவிட்டுக் கடைசியில், “ஆனால் இங்கே பயமில்லை. நீ யார், எந்தப் பாஷை என்று தெருவில் நிறுத்திக் கேட்க ஒருவரும் இல்லை” என்று எழுதினேன். அவளுக்கு அந்த வரி போதும் என்று தெரியும். ஐம்பத்தெட்டில் கொழும்புக் கலவரத்தின்போது நானும் அவளும் ஒரே விறகு அறையில் ஒளிந்திருந்தோம். அதற்குப் பிறகுதான் அப்பா, கடல் தாண்டியானாலும் பரவாயில்லை என்று எனக்கு இந்தச் சம்பந்தத்தை ஒப்புக்கொண்டார்.

கடிதத்தைத் தபாலில் போட்டு மூன்று வாரம் இருக்கும். மொரீஷியஸின் சுதந்திரத்துக்கு நாள் குறித்தாகிவிட்ட ஜனவரி மாதம். குழாயடியில் பெண்கள் பேச்சை நிறுத்தத் தொடங்கியதை நான் கவனித்தேன். எங்கள் தெருவில் பெரும்பாலும் ஆப்பிரிக்க வம்சாவளிக் கிரெயோல் குடும்பங்கள், இடையிடையே முஸ்லிம்கள், எங்களைப் போல் இரண்டு மூன்று தமிழ் வீடுகள். ஒருவர் வாளியை ஒருவர் நகர்த்தி வைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவர்கள் இப்போது தண்ணீர் பிடித்ததும் போய்விட்டார்கள். நகரத்தில் கிரெயோல்காரர்களுக்கும் முஸ்லிம்களுக்கும் அடிதடி என்று செய்தி வந்தது. பிறப்புச் சான்றிதழ்களையும் நகையையும் ஒரு பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். பிறகு அலமாரிக்கு மாற்றினேன். மறுநாள் திரும்பவும் கட்டிலுக்கு அடியில்.

“நீ இன்னும் கொழும்புலதான் இருக்கே,” என்றார் இவர். “இது சின்னத் தீவு. இங்கே எல்லாரும் எல்லாருக்கும் தெரிஞ்சவங்க.”

“அங்கயும் தெரிஞ்ச ஆக்கள்தான் வந்தவை,” என்றேன்.

பக்கத்து வீட்டுத் தையற்காரரின் மனைவியிடமும் சொன்னேன். அவர்கள் முஸ்லிம்கள். நகரத்தில் முஸ்லிம்கள் கூடி வாழும் பக்கத்தில் அவள் தம்பி வீடு இருந்தது. கொஞ்ச நாள் அங்கே போய் இருங்கள் என்றேன். அவள் என் கையைத் தட்டிச் சிரித்தாள். ஈத் பெருநாளுக்குத் தைத்துக் கொடுக்க வேண்டிய துணி மேசை நிறையக் கிடந்தது.

இரண்டு நாள் கழித்து, மத்தியானச் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். இவர் துறைமுக அலுவலகத்துக்குப் போயிருந்தார். தையற்காரரும் நகரத்துக்குப் போயிருந்தார். நகரப் பக்கம் கரும்புகை எழுந்தது. தெருமுனைச் சீனர் கடையின் பலகைக் கதவுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடைக்கும் சத்தம் கேட்டது. அடுத்த நிமிடம் தையற்காரரின் மனைவி வேலியைத் தாண்டி வந்து, தாழிட்ட என் சமையலறைக் கதவுக்கு வெளியே நிற்பது ஜன்னலில் தெரிந்தது. இரண்டு பெண்பிள்ளைகள் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவள் கையில், துணியில் சுற்றிய தையல் இயந்திரத்தின் தலை. அவ்வளவு பாரத்தை எப்படித் தூக்கி வந்தாளோ.

“மோ ஸேர்,” என்றாள். என் சகோதரி என்று அர்த்தம்.

நான் உடனே கதவைத் திறக்கவில்லை. இதை எழுதத்தான் வேண்டும். தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றேன். கொழும்பில் எங்களை விறகு அறையில் வைத்துப் பூட்டியது வீட்டுக்காரச் சிங்கள அம்மா. ஒரு பகல் முழுவதும் சோறு கொடுத்தாள். பிறகு, என் பிள்ளைகளுக்கு ஏதாவது ஆகிவிடும், போய்விடுங்கள் என்று அழுதுகொண்டே சொன்னாள். பத்து ஆண்டுகளாக அவளை நான் மன்னிக்கவில்லை. இப்போது என் மகன் உள்ளறையில் காய்ச்சலோடு படுத்திருந்தான். அந்த அம்மா எப்படி நடுங்கியிருப்பாள் என்பது என் விரல்களுக்குத் தெரிந்தது.

சின்னப் பெண் விக்கினாள். திறந்துவிட்டேன்.

மூன்று பேரையும் மகன் படுத்திருந்த அறைக்குள் விட்டுக் கதவைச் சாத்தினேன். தையல் இயந்திரத்தை மறந்துவிட்டேன். அது சமையலறை நடுவில், துணி விலகிக் கிடந்தது.

ஐந்தாறு கிரெயோல் ஆண்கள் வந்தார்கள். கையில் தடி, ஒருவனிடம் கரும்பு வெட்டும் கத்தி. முன்னால் நின்றவனை நான் பார்த்ததே இல்லை.

“ஊ மத்ராஸ்?” என்று கேட்டான். இங்கே தமிழரை அப்படித்தான் சொல்வார்கள். நான் மெட்ராஸையே பார்த்ததில்லை, யாழ்ப்பாணத்தாள். “வீ, மத்ராஸ்,” என்றேன். ஆம், ஆம் என்று தலையையும் ஆட்டினேன்.

வீட்டில் வேறு யாராவது இருக்கிறார்களா என்றான்.

“பெர்சோன்,” என்றேன். ஒருவரும் இல்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றும் சொன்னேன்.

பின்னால் நின்றவர்களில் ஒருவரை எனக்குத் தெரியும். தெருக் கோடியில் இருந்த தச்சர்; புயலுக்குப் பிறகு எங்கள் கூரையைப் போட்டுக் கொடுத்தவர். அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்கு மேலாக, தரையில் கிடந்த இயந்திரத்தைப் பார்த்தார். எனக்கு ஊசியில் நூல் கோக்கத் தெரியாது என்பது அந்தத் தெருவுக்கே தெரியும். கிழிந்த பள்ளிச் சட்டையோடு நான் பக்கத்து வீட்டுக்கு ஓடுவதை அவரே பலமுறை கேலி செய்திருக்கிறார்.

பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, “அனு அலே,” என்றார் மற்றவர்களிடம். போகலாம். போய்விட்டார்கள். நான் அடுப்படியில் உட்கார்ந்துவிட்டேன். சோறு குழைந்துபோயிருந்தது.

வெயில் தாழ இவர் துறைமுகத்திலிருந்து நடந்தே வந்து சேர்ந்தார். சட்டை முழுவதும் புழுதி. அறையில் இருந்தவர்களைப் பார்த்துவிட்டு வாசல் கதவைத் தாழிட்டார். மறுநாள் காலை காவல்துறை லாரி வந்து தாயையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டது. தையற்காரர் உயிரோடு இருக்கிறார் என்று அதில் வந்த ஒருவர் சொன்னார். அவள் என்னைக் கட்டிக்கொள்ளவில்லை; இயந்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு நேரே பார்த்தபடி போனாள். தாழ்ப்பாளில் நான் தாமதித்ததை அவள் கண்டிருந்தாள் என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

ஆங்கிலப் பட்டாளம் வந்தது. ஊரடங்கு வந்தது. தெருக்கள் ஆள் மாற்றிக்கொண்டன. நகரத்தின் முஸ்லிம் பக்கத்திலிருந்து துரத்தப்பட்ட கிரெயோல் குடும்பங்கள் இந்தப் பக்கம் வந்தன. இங்கிருந்த முஸ்லிம்கள் அங்கே போனார்கள். தையற்காரர் வீட்டுக்கு, சலவைக்குத் துணி வாங்கி இஸ்திரி போடும் ஒரு பெண் வந்தாள். குழாயடியில் அவளோடு பேசக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன். ஒரு நாள் அவள் முழங்கை வரை தீக்காயத்துக்குக் கட்டுப் போட்டிருந்ததைப் பார்த்தேன். வாளியை நான் தூக்கிக் கொடுத்தேன்.

தங்கைக்கு என்ன எழுதுவது? மூன்று முறை தொடங்கிக் கிழித்தேன். கொழும்பில் எங்களைத் தேடி வந்தார்கள், இங்கே எங்களைத் தேடி வரவில்லை; அது ஒரு வித்தியாசமா? அங்கே அரசாங்கம் நாலு நாள் பார்த்துக்கொண்டிருந்தது, இங்கே பட்டாளம் சீக்கிரம் வந்தது, அது வித்தியாசமா? அடுத்த முறை எங்கள் முறையாக இருந்தால்?

“எழுதாம விடுவமோ?” என்று இவரைக் கேட்டேன்.

“நடந்ததை எழுது,” என்றார். “அவங்க வந்த அப்புறம் ‘அத்தான், ஏன் சொல்லல’ன்னு கேட்டா நான் எங்கே முகத்தை வச்சுக்கிறது? எனக்கே இந்த ஊரைப் பத்தி இப்போ ஒண்ணும் தெரியல. நான் பிறந்த ஊர் இது.”

அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. அன்றே எழுதிப் போட்டேன், தாழ்ப்பாள் உட்பட.

சுதந்திர நாளன்று கொடி ஏறியதை வானொலியில் கேட்டோம். தெருவில் சிலர் பட்டாசு வெடித்தார்கள். முதல் வெடிக்கு நான் மகனை இழுத்துக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விட்டேன். அவன் விளையாட்டு என்று நினைத்துச் சிரித்தான்.

தங்கையின் பதில் அதற்குப் பிறகு வந்தது. “அக்கா, நாங்கள் வரேல்லை. இஞ்ச இருக்கிற பயம் எனக்குப் பழகிப்போச்சு. அங்க வந்து புதுசா ஒண்டைப் பழக ஏலாது. நீ கதவைத் திறந்தது நல்லது.” அவள் கணவர் வேலையை விடவில்லை. நான் அவளைக் காப்பாற்றினேனா, கைவிட்டேனா என்று எனக்கு நிச்சயமில்லை.

அந்தக் குளிர்காலத்தில் நாங்கள் நகரத்துக்கு வெளியே பாம்பூ என்ற கிராமத்துக்குக் குடிபெயர்ந்தோம். சுற்றிலும் கரும்பு. புயலுக்கு அசையாத சிமெண்டு வீடு, நல்ல வீடு. நான் ஒவ்வோர் அறையாக நடந்து பார்த்தேன். வெளியே போக ஒரே ஒரு கதவுதான் இருந்தது.

“பின்பக்கம் இன்னொரு கதவு வைக்கோணும்,” என்றேன்.

“புயல் காத்து உள்ளே வராம இருக்கத்தான் ஒரே கதவு வச்சிருக்காங்க. அதுதான் பாதுகாப்பு,” என்றார் இவர்.

“எனக்குக் காத்துக்குப் பயமில்லை.”

அவர் பின்சுவரிடம் போய், கதவுக்கு எந்த இடம் என்று கேட்டார்.