வலது மிதவையின் மூடி

டிரைவரம்மா என்றால்தான் அவளை எல்லோருக்கும் தெரியும். வாரம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டுவாள். ஞாயிறானால் எலக்ட்ரீஷியன் புருஷனோடு கேட்டமரானில் ஏறிவிடுவாள். இரண்டு ஒல்லி மிதவைகளை இணைத்த பந்தயப் பாய்ப்படகு அது, காற்று பிடித்தால் பிய்த்துக்கொண்டு போகும். ஒலிம்பிக்கில் அந்த வகைக்கு ஆணும் பெண்ணும் ஜோடியாகத்தான் போக வேண்டும், நாட்டுக்கு ஒரே ஜோடி. அன்று கடைசித் தேர்வுப் பந்தயம். ஜெயித்தால் ஒலிம்பிக். தோற்றால் அவ்வளவுதான், அவள் முட்டி இன்னொரு நாலு வருஷம் தாங்காது.

ஒவ்வொரு மிதவையின் வாலிலும் தண்ணீர் வடிக்க ஒரு துளை, அதற்கொரு திருகு மூடி. கரையில் கழற்றி வைப்பார்கள், கடலில் இறங்குமுன் திருகுவார்கள். இடது அவளுடையது, வலது அவனுடையது. ஒருத்தர் மூடியை ஒருத்தர் தொட்டதே கிடையாது. இந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் அப்படியொரு வீம்பு!

முந்தின நாள் பந்தயத்தில் அவள் திருப்பச் சொன்னபோது அவன் சுக்கானைத் திருப்பவில்லை. கோட்டைவிட்டதும் இல்லாமல், எல்லோர் முன்னாலும் அவள்மேலேயே எரிந்து விழுந்தான். "உங்க காதை என்ன வாடகைக்கா விட்டிருக்கீங்க?" என்று கேட்டவள், அதற்கப்புறம் வாயே திறக்கவில்லை.

காலையில் உயிர்காப்புச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தாள். இடது மூடி திருகியே இருந்தது. பழக்க தோஷத்தில் நானே திருகியிருப்பேன் என்று நினைத்துப் படகைத் தள்ளினாள்.

ஆரம்பத்திலிருந்தே முன்னிலை. கடைசிச் சுற்றில் வலப்பக்கம் கனத்தது.

"ஏதோ சரியில்லைங்க!"

அவன் திரும்பிப் பார்ப்பதற்குள் வலது மிதவை தண்ணீருக்குள் போனது. படகு தலைகுப்புறக் கவிழ்ந்தது.

மூச்சு வாங்கிக்கொண்டு வாலைப் பிடித்தவள் பார்த்தாள். வலது துளையில் மூடி இல்லை.

"என்னங்க, உங்க மூடி எங்க?"

அவன் நீந்தி வந்து துளையைப் பார்த்தான். "உன்னோடத நான் போட்டேன். நேத்து கத்தினதுக்கு... எப்படி சமாதானம் பண்றதுன்னு தெரியல. நீ அதப் பார்த்துட்டு பதிலுக்கு என்னோடதப் போட்டிருப்பேன்னு நெனச்சேன்."

"ஐயோ! நானே போட்டுட்டேன்னுல்ல நெனச்சேன்!"

பின்னால் வந்த படகுகள் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போயின.

"ஒரு வார்த்தை பேசியிருக்கக் கூடாதா?" என்றாள் கடைசியில்.

"நீயுந்தான் பேசல" என்றான் அவன்.