மெதுவாகப் போட்ட மூன்று பந்து

வேகப்பந்து போடுகிறவனுக்கு முதுகு போவதற்கு முன்னால் வேலை போய்விடும். கம்பெனி டீமுக்காகத் தோள்பட்டை தேய்ந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளின் கடைசியில் அம்பத்தூரில் கம்பெனிக்குக் கம்பெனி கிரிக்கெட் டீம் இருந்தது. சீசன் வந்தால் என்னை டெம்பரவரியாக லேத் மிஷின் பக்கம் சேர்த்துக்கொள்வார்கள். கடைசி மேட்ச் முடிந்ததும், "ஆள் குறைப்பு" என்று அனுப்பிவிடுவார்கள். ஏழு வருஷம், நாலு கம்பெனி. பர்மனென்ட் என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு எச்சில் ஊறும்.

யார் எடுத்த விக்கெட்?

இரண்டாவது கம்பெனியில் இருந்தபோது முத்தாபுதுப்பேட்டையில் ஒரு மேட்ச். நமக்கெல்லாம் புல்தரை ஏது? கட்டாந்தரையில் கயிற்றுப் பாயை விரித்துச் சுற்றிலும் பெரிய ஆணியாக அடிப்பதுதான் பிட்ச். டீ குடிக்கப் போன நேரத்தில் யாரோ ஒரு புண்ணியவான் ஓர் ஆணியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் தன் ஆட்டைக் கட்டிவிட்டார். பாய் மடங்கிக் கிடந்தது எனக்குத் தெரியாது. அடுத்த பந்து மடிப்பில் பட்டு, தரையோடு தரையாக ஓடி ஸ்டம்பைச் சாய்த்தது. நான் ஆகாயத்துக்கும் பூமிக்கும் குதித்தேன். அவுட்டானவர் மடிப்பைப் பார்த்தார், மரத்தடி ஆட்டையும் பார்த்தார்.

"இந்த விக்கெட்ட உம் பேர்ல எய்தாதே மாமே, ஆட்டு பேர்ல எய்து!"

பெண் பார்த்த கதை

மூன்றாவது கம்பெனியில் இருந்தபோது திருமுல்லைவாயிலுக்குப் பெண் பார்க்கப் போனோம். பச்சையம்மாளைப் பார்த்த மாத்திரத்தில் எனக்குப் பிடித்துவிட்டது. அவள் அப்பா காலமெல்லாம் வயலில் பாடுபட்டவர். "புள்ளைக்கு இன்னா வேலை?" என்று கேட்டார். என் சித்தப்பா சும்மா இருந்திருக்கலாம். "கம்பெனிக்குப் பந்து போடறான்" என்று பெருமையாகச் சொன்னார்.

"பந்து போட்டா மொளைக்குமா? பர்மனென்ட் லெட்டர எத்துகினு வா, அப்பால பொண்ணு தரேன்."

நேர்முகத் தேர்வு

நாலாவது கம்பெனியில் லேத்தைப் பற்றி யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. கேன்டீன் பின்னால் கூட்டிப்போய், ஒரு வாளியைக் கவிழ்த்துவைத்து, "அடி பார்க்கலாம்" என்றார்கள். இரண்டாவது பந்தில் வாளி நசுங்கியது; வேலை கிடைத்தது. மறுநாள் மிஷின் பக்கம் போனேன். ஃபோர்மேன் ஏகாம்பரம் குறுக்கே வந்து நின்றார்.

"மிஷின தொடாத நைனா. உன் வெரலு போனா கம்பெனிக்கு நஷ்டம், மிஷினு போனா எனக்கு நஷ்டம்."

ஆபீசர் மேட்ச்

அந்த வருஷம் ஆபீசர்களுக்கும் தொழிலாளிகளுக்கும் மேட்ச். மறுநாள் பர்மனென்ட் லிஸ்டில் மானேஜர் கையெழுத்துப் போட வேண்டும். பச்சையம்மாளுக்கோ ஆவடியிலிருந்து வேறு வரன் வந்துவிட்டது. அவளை விட்டுவிட எனக்கு மனசில்லை. மானேஜர் பேட்டோடு வந்ததும், குழந்தைக்குப் போடுவதுபோல மெதுவாக ஒரு பந்து போட்டேன். வேகத்தை எதிர்பார்த்த மனுஷன் முன்னாலேயே பேட்டைச் சுழற்றிவிட்டார். ஸ்டம்ப் சாய்ந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அம்பயராக நின்ற ஏகாம்பரம் சமயோசிதமாக, "நோ பால்!" என்று கத்தினார். இன்னும் மெதுவாகப் போட்டேன். மறுபடியும் ஸ்டம்ப், மறுபடியும் "நோ பால்!" மானேஜர் திரும்பினார்.

"ஏகாம்பரம், இன்னொரு தடவை நோ பால்னு சொன்னா நீ டெம்பரவரி!"

மூன்றாவது பந்திலும் போல்டு. ஏகாம்பரம் வானத்தைப் பார்த்துக்கொண்டு விரலைத் தூக்கினார்.

லெட்டர்

மறுநாள் மானேஜர் அறைக்குப் போனேன். அவர் எழுந்து வந்து என் தோளில் தட்டினார். "இத்தனை வருஷமா மத்தவங்க எல்லாம் எனக்குப் பயந்து லட்டு மாதிரி போட்டாங்க. பதவியைப் பார்க்காம, தந்திரமா மெதுவா போட்டு அவுட்டாக்கினவன் நீ ஒருத்தன்தாம்பா!" நானும் அடக்கமாகத் தலை குனிந்துகொண்டேன். இன்றுவரை அவரிடம் உண்மையைச் சொல்லவில்லை.

அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த லெட்டரை எடுத்துக்கொண்டு ஓட்டமும் நடையுமாகத் திருமுல்லைவாயில் போனேன். பச்சையம்மாள் கதவிடுக்கில் நின்று சிரித்தாள். அவள் அப்பா லெட்டரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மே, பந்து மொளைச்சிகிது பார்!"

ஏழு வருஷம் வேகமாகப் போட்டு டெம்பரவரியாகவே இருந்தவன், மூன்று பந்து மெதுவாகப் போட்டு இரண்டு இடத்தில் பர்மனென்ட் ஆனேன்.