சுவரில் எழுதாத வரி

2024 பெப்ரவரி 13, செவ்வாய்க்கிழமை. பிற்பகல் ஒன்று பத்துக்குப் பஸ்ரியனின் கைத்தொலைபேசி அடித்தபோது, அவர் அரிப்பு என்ற கடற்கரை ஊரில் தன் வீட்டோடு ஒட்டிய பட்டறையில் சோற்றுக் கோப்பையோடு இருந்தார். மலாவியில் அப்போது காலை ஒன்பது நாற்பது. பேசியவர் அந்த நாட்டு ஏரிக்கரையில் உள்ள சிறிய மிஷன் ஆஸ்பத்திரியின் தாதி கிரேஸ்.

"பம்போ, படகு போகமாட்டேன் என்கிறது."

பம்போ என்றால் அந்த ஊர்ப் பேச்சில் ஐயா. மற்றதையெல்லாம் இருவரும் தங்களுக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் பேசிக்கொண்டார்கள். ஒரு பெண் முதல் நாள் மாலையிலிருந்து பிரசவ வலியில் கிடந்தாள். பிள்ளை குறுக்கே கிடந்தது. சத்திரசிகிச்சை செய்யும் ஆஸ்பத்திரி ஏரியின் அக்கரையில் இருந்தது. படகில் ஒரு மணித்தியாலம் ஐம்பது நிமிடம். அக்கரைக்குச் சுற்றிப் போகும் தரைப்பாதையை மழை அறுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது.

பஸ்ரியனுக்கு அறுபத்தொரு வயது. அரிப்புப் படகுகளின் எஞ்சின்களை முப்பத்தெட்டு வருடமாகத் திருத்துகிறவர். பங்குச் சுவாமி ஒழுங்குபண்ணி, அந்த ஆஸ்பத்திரிப் படகைப் பராமரிக்கச் சம்பளமில்லாத தொண்டராகப் போனார். 2022 பெப்ரவரி 3ஆம் திகதி போய், 2023 நவம்பர் 30ஆம் திகதி திரும்பினார்.

அங்கே அவருக்கு ஒரு படகு, அதன் பின்னால் மாட்டும் ஒரு எஞ்சின். திங்களும் வியாழனும் ஆறு ஊர்களுக்கு மருந்து போகும். மற்ற நாட்களில் நோயாளிக்காகக் காத்திருக்க வேண்டும். மத்தியானம் ந்சீமா என்ற சோளமாக் களியும், உப்பே காணாத பொடிக் கருவாடும். உப்பைக் கடுதாசியில் மடித்துச் சட்டைப் பையில் கொண்டு திரிந்தார். கருவாட்டை உப்பில்லாமல் காயவைக்கும் சனம் உலகத்தில் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கவில்லை.

முதல் நாள் பின்னேரமே ஒரு காரியம் செய்தார். எஞ்சினைக் கழற்றி, பரல் என்கிற தகரப் பீப்பாய் நிறையக் கிணற்றுத் தண்ணீர் வார்த்து, அதற்குள் இறக்கி ஓடவிட்டார். அரிப்பில் கடலால் வந்ததும் உப்புப் போக அப்படித்தான் கழுவுவார்கள். கரையில் கூடிய நாற்பது பேரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் ஓட்டுநர் சிக்கொண்டி, "பம்போ, ஏரியே நல்ல தண்ணீர். எதைக் கழுவுகிறீர்கள்?" என்று கேட்டார். காலையிலிருந்து அதே ஏரித் தண்ணீரைக் குடித்தவர் பஸ்ரியன். அவரும் சேர்ந்து சிரித்தார்.

ஆனாலும் பரலை விடவில்லை. அலையடிப்பு இல்லாமல் எஞ்சினின் சத்தம் அதற்குள் துப்புரவாகக் கேட்டது. நாள்தோறும் பின்னேரம் பத்து நிமிடம் இருவரும் குனிந்து நின்று கேட்பார்கள். திரும்பி வரும்முன், எஞ்சினுக்குச் செய்யவேண்டிய பதினொரு காரியத்தைப் படகுக் கொட்டில் சுவரில் சிவப்பு மையால் எழுதுவித்தார்.

இந்தப் பரல் கதையை அவர் மனைவி பிரான்சிஸ்கா ஆருக்கும் சொல்லாமல் விட்டதில்லை. "இஞ்ச நாங்கள் மண்ணெண்ணெய்க்கு லைனில நிண்டம். இவர் அங்க போய் நல்ல தண்ணியை நல்ல தண்ணியால கழுவினவர்."

தொலைபேசி வந்த அன்று விடியற்காலை சிக்கொண்டி குடலிறக்கச் சிகிச்சைக்காக, எதிர்ப்பக்கப் பாதையில் பஸ் ஏறி, ஒரு பகல் தூரத்தில் உள்ள நகரத்துக்குப் போய்விட்டார். புது ஓட்டுநர் யொஹானேக்கு அதுதான் முதல் நாள். எஞ்சின் பிடிக்கிறது, மூன்று நிமிடத்தில் நிற்கிறது என்றார் கிரேஸ்.

"பிளக்கை மாற்றச் சொல்" என்றார் பஸ்ரியன்.

மாற்றினார்கள். பதினொரு நிமிடம் போனது. எஞ்சின் மறுபடியும் நின்றது. பஸ்ரியனின் கையில் சோறு காய்ந்துவிட்டது.

"எஞ்சினைப் பரலுக்குள் இறக்குங்கள். போனைப் பக்கத்தில் பிடி."

வாடைக் காற்று பட்டறைத் தகரத்தை அடித்துக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவர் வீட்டுக்குள் போய், அலுமாரியைத் திறந்து, காதில் போனோடு சேலைகளுக்கு நடுவில் தலையை விட்டார்.

"என்னப்பா, கறிக்கையோட என்ர சீலைக்குள்ள?" என்று வந்த பிரான்சிஸ்கா, அவர் முகத்தைப் பார்த்துவிட்டு யன்னல்களைச் சாத்தினார்.

எஞ்சின் இரண்டு நிமிடம் ஐம்பது விநாடி சீராக ஓடியது. நிற்கும்முன் சத்தம் ஒருதரம் மெலிந்து மேலே ஏறியது. பிறகுதான் அடங்கியது. மின்பொறி இல்லாமல் போனால் எஞ்சின் அறைந்தாற்போல் நிற்கும். இது தாகத்தில் ஓடி நின்றது. பெற்றோல் வரவில்லை.

"பெற்றோல் குழாயில் உள்ள றப்பர் பந்தைப் பார். உப்பியிருக்கிறதா?"

"சப்பிப்போய்க் கிடக்கிறது."

"பெற்றோல் தாங்கி மூடியில் சின்னத் திருகாணி ஒன்று. திறந்திருக்கிறதா?"

தூரத்தில் யொஹானேயின் குரல் கேட்டது. கிரேஸ் திருப்பிச் சொன்னார். "இறுக்கிப் பூட்டியிருக்கிறதாம், பம்போ. சுவரில் அப்படித்தானே இருக்கிறது. ஒன்பதாவது வரி. மாலையில் காற்றுத் திருகாணியைப் பூட்டவும்."

பெற்றோல் வெளியே போகவேண்டுமானால் தாங்கிக்குள் காற்று வரவேண்டும். கடல் தூவானம் இறங்காமல் இருக்க அரிப்பில் பின்னேரம் பூட்டுவார்கள். காலையில் திற என்று அரிப்பில் ஒருவரும் ஒருவருக்கும் சொன்னதில்லை. கை தானாகத் திறக்கும். இருபத்திரண்டு மாதமும் பஸ்ரியனின் கை திறந்திருக்கிறது. அதைப் பார்த்துச் சிக்கொண்டியின் கையும் பழகியிருக்கிறது. யொஹானேக்குச் சுவர் மட்டும்தான் இருந்தது. அவர் அதன்படி நடந்தார்.

"திற. பந்தை ஆறு தரம் அமுக்கு."

படகு அவர்களின் நேரம் பத்து முப்பத்துநாலுக்குப் புறப்பட்டது. பஸ்ரியன் மிச்சச் சோற்றைத் தொடவில்லை. அரிப்பில் மாலை ஆறு ஐந்துக்குச் செய்தி வந்தது. பெண் பிள்ளை. தாயும் சுகம்.

"பிறகேன் மூஞ்சியைத் தூக்கி வைச்சிருக்கிறீங்கள்?" என்றார் பிரான்சிஸ்கா.

"ஐம்பத்துநாலு நிமிஷம் அந்தப் பிள்ளையை மறிச்சது என்ர சுவர்."

"விட்டதை எழுதி அனுப்புங்கோவன்."

அனுப்பினார். பன்னிரண்டாவது வரி. கிரேஸ் பதில் எழுதியிருந்தார்: யொஹானே கேட்கிறார், வேறு ஏதாவது எழுதாமல் விட்டிருக்கிறீர்களா?

பஸ்ரியன் அதைப் பிரான்சிஸ்காவுக்கு வாசித்துக் காட்டினார்.

மறுநாள் விபூதிப் புதன். பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு, திருத்தக் கிடந்த ஒரு படகடிக்குப் போனார். பிரான்சிஸ்காவையும் ஒரு கொப்பியோடு கூட்டிக்கொண்டு போனார்.

"நான் செய்யிறதை ஒண்டும் விடாமல் எழுது. நான் எழுதினால் விட்டுப்போடுவன்."

பிரான்சிஸ்கா கவிழ்த்த மீன்பெட்டியில் குந்தினார். அவர் எஞ்சினடிக்குப் போனார்.

"முதலாவது, குருசு போட்டனீங்கள். எழுதவோ?"

பஸ்ரியன் தன் கையைப் பார்த்தார். போட்டது அவருக்குத் தெரியாது.

"எழுது."

"இரண்டாவது, எஞ்சின்ர தலையில ரெண்டு தட்டு. மாட்டைத் தட்டுற மாதிரி. இதையுமோ?"

"அதையும் எழுது."

அவர் குனிந்தார். தாங்கி மூடியின் திருகாணியை விரல் திருப்பியது. பிரான்சிஸ்கா மூன்றாவதை எழுதத் தொடங்கியிருந்தார்.