மனசு சரியில்லாமல் ஓட வந்தவர்கள்

ஓட்டப் பயிற்சியாளர் வேலையில் கால்களைவிட முகங்களைத்தான் அதிகம் பார்க்க வேண்டியிருக்கும் என்று இதில் இறங்குகிறவர்களிடம் யாரும் முன்கூட்டியே சொல்வதில்லை. அல்சூர் ஏரிக்கரையில், புதிதாக ஓட வருகிறவர்களுக்குக் காலை வேளைகளில் சொல்லித் தருகிறேன். சேரும்போது எல்லாரும் "வெயிட் குறைக்கணும்" என்பார்கள். கொஞ்ச நாள் போனதும், தண்ணீர் குடிக்க நிற்கிற நேரத்தில், நிஜக் காரணம் மெதுவாக வெளியே வரும். மேனேஜர், மாமியார், வராத தூக்கம். அலாரத்தை அணைத்துவிட்டு மறுபடி படுக்கலாமா என்று தினமும் உங்களுக்குள் ஒரு வழக்கு நடக்கிறதா? அப்படியானால் நாமெல்லாம் ஒரே கட்சி. மேலே படியுங்கள்.

மழைக்கால விடுமுறை

சேகருக்கு மர்பி டவுனில் வீடு, பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர் வேலை. தங்கமான மனிதர், ஆனால் முன்கோபி. கை நீட்ட மாட்டார். சட்னியில் உப்பு குறைந்தால் மட்டும் அது தெருவுக்கே கேட்கும். அவரைக் கொண்டுவந்து சேர்த்தவர் அவர் மனைவி மல்லிகா. "பிபி இருக்கு மேடம், அதான்" என்றார் சேகர். மல்லிகா ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

இரண்டு மாதத்தில் ஆளே மாறிவிட்டார் என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஒருநாள் எதிரே வந்த பையன் போனைப் பார்த்தபடி அவர் மேல் இடித்தபோது, "பரவால்ல, பாத்துப் போப்பா" என்று நகர்ந்தார். அப்புறம் மழை பிடித்தது. பாதையெல்லாம் வழுக்கல். தினமும் காலையில், இன்று வகுப்பு இல்லை என்று குரூப்பில் போட்டேன். மூன்றாம் நாள் மாலை மல்லிகாவிடமிருந்து போன்.

"மேடம், மழைன்னா ஏதாவது படிக்கட்டுலயாவது ஏத்தி எறக்குங்க. நாளைக்கும் லீவுன்னா இப்பவே சொல்லிடுங்க, நானும் பசங்களும் எங்கம்மா வீட்டுக்குப் போயிடறோம்."

ஓடக்கூடாத இரண்டு வாரம்

பிரவீன் கரூர்க்காரர். எலெக்ட்ரானிக் சிட்டியில் வேலை. கம்பெனி வண்டி வந்துவிடும் என்று பயிற்சி முடிந்ததும் வேர்வைகூடக் காயாமல் ஓடுவார். ஒரு கட்டத்தில் அந்த அவசரம் நின்றுபோனது. எல்லாரும் கலைந்த பிறகும் இன்னொரு சுற்று, அதற்கப்புறம் இன்னொன்று என்று ஓடிக்கொண்டிருந்தார். ஆர்வம் என்று முதலில் நினைத்தேன். முழங்காலுக்குக் கீழே வலி வந்து, நொண்டிக்கொண்டே ஓடுவதைப் பார்த்ததும் பிடித்து நிறுத்தி, பிசியோதெரபிஸ்டிடம் அனுப்பினேன். இரண்டு வாரம் ஓடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள்.

அதை என்னிடம் சொல்ல வந்தவர் பெஞ்சில் உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. "வேலை போயிடுச்சு மேடம். வீட்ல இன்னும் சொல்லல. தினமும் பேக்கை மாட்டிட்டுக் கெளம்பி, எங்கயாவது உக்காந்துட்டுப் போறேன். ஓடுற நேரம் மட்டுந்தான் மண்டைக்குள்ள ஒண்ணும் ஓடாம இருக்கு. அதுவும் இல்லன்னா காலைல நான் எதுக்கு எந்திரிக்கணும்?"

"எந்திரிச்சு இங்க வாங்க, எனக்கு ஒரு ஆள் வேணும்" என்று ஸ்டாப்வாட்சைக் கையில் கொடுத்தேன். வந்தார். ஆரம்பத்தில் நேரத்தை மட்டும் முணுமுணுப்பாகச் சொல்லிக்கொண்டு நின்றார். பிறகு, எப்போதும் கடைசியாக வருகிற பெண்மணியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சந்தாங்க்கா, விட்றாதீங்க" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். நடுவில் ஒருநாள் தாமதமாக வந்தவர் முகம் என்னவோ போலிருந்தது. வீட்டில் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டேன்.

"சொல்லிட்டேன் மேடம். என் வைஃப்புக்கு மொதல்லயே தெரியுமாம். காலைல ஓடிட்டு வர்றப்ப மட்டுந்தான் மொகத்துல கொஞ்சம் உசுரு இருந்துச்சாம், அதையும் கெடுக்க வேணாம்னு கேக்காம இருந்தாளாம்."

வாட்சில் ஏறாத ஓட்டம்

இன்னொருவர் கையில் கட்டிய ஸ்மார்ட் வாட்சைப் பார்த்தே ஓடுவார். அது பாராட்டினால் அன்று முழுக்கச் சிரிப்பு, குறை சொன்னால் யாரிடமும் பேச்சில்லை. ஒருநாள் அருமையாக ஓடி முடித்துப் பார்க்கிறார், சார்ஜ் தீர்ந்து கடிகாரம் அணைந்து கிடக்கிறது. பெற்ற பிள்ளை பரீட்சையில் தோற்றதுபோல் நடைபாதை ஓரமாக உட்கார்ந்துவிட்டார். எனக்கு உதவியாக இருக்கும் மஞ்சுநாத், கன்னடக்காரர், என்னைவிடப் பொறுமைசாலி, அவர் பக்கத்தில் போய்க் குந்தினார்.

"பேஜார் பண்ணிக்காதீங்க சார், வாட்ச்ல ஏறலன்னாலும் ஒடம்புல ஏறியிருக்கும்."

வேகமாக ஓடிய பெண்

தீபா, பக்கத்தில் ஒரு பிஜி விடுதியில் தங்கி வேலைக்குப் போய்க்கொண்டிருந்த பெண். அந்தக் குழுவிலேயே நன்றாக ஓடுகிறவள் அவள்தான். முதலில் வந்து சேர்வாள், நிற்பாள், போவாள். பாராட்டினாலும் முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. மற்றவர்கள் இட்லிக் கடைக்குக் கூப்பிட்டால் பசியில்லை என்பாள். ஓடினால் மனசு லேசாகும் என்று எங்கோ படித்துவிட்டு வந்திருந்தாள். "எனக்கு மட்டும் ஏன்க்கா ஆகல? நான் சரியா ஓடலையா?" என்று ஒருநாள் கேட்டாள். தூங்கி எத்தனையோ நாளாயிற்று என்றும், காலையில் கண் விழிப்பதே தண்டனை மாதிரி இருக்கிறது என்றும் சொன்னாள். குரலில் அழுகைகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

"நீ சரியாத்தான் ஓடற. இதுக்கு ஓட்டம் மட்டும் பத்தாதும்மா, டாக்டரைப் பாக்கலாம்" என்றேன். மனநல மருத்துவரிடம் நானே கூடப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள், வாராவாரம் வந்து பேசச் சொன்னார்கள். ஊரிலிருந்து அவள் அக்கா வந்து கொஞ்ச காலம் கூடத் தங்கினாள். பிறகு பல மாதம் தீபா ஏரிப் பக்கம் வரவில்லை. போன் மட்டும் செய்துகொள்வோம்.

திரும்பி வந்தபோது சற்றுப் பூசினாற்போலிருந்தாள். பாதிச் சுற்றிலேயே நின்று, இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். முன்பு ஓடிய வேகத்தில் கால்வாசிகூட இல்லை. மெதுவாகப் போகலாம் என்று நான் தேற்றப் போக, அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"அப்ப வேகமா ஓடினேன், ஒண்ணுமே தெரியலக்கா. இப்ப கால் வலிக்குது, மூச்சு முட்டுது, பயங்கரமா பசிக்குது. நல்லாருக்கு."

இத்தனை பேரோடு ஓடிப் பார்த்ததில் சொல்கிறேன்: கவலை நமக்குப் பின்தங்கிவிடும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது, அதுவும் மூச்சிரைத்துக்கொண்டு கூடவே வரத்தான் செய்யும், ஆனால் களைத்துப்போன கவலையோடு குடித்தனம் நடத்துவது கொஞ்சம் சுலபம்.