மணி அடிக்காத கடைசிச் சுற்று

போன ஞாயிற்றுக்கிழமை டிவியில் ஓட்டப்போட்டி காட்டினார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர். உலகத்திலேயே வேகமான பன்னிரண்டு பேர். துப்பாக்கி வெடித்தது... பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, ஆறுதலாக, பாதி நடையும் பாதி ஓட்டமுமாகப் போனார்கள்.

கதிரையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்த என் மனைவிக்குப் பொறுக்கவில்லை.

"இதென்ன ஓட்டம்? கோயில் வீதி சுத்துறாங்களோ?"

"இது சம்பியன் போட்டி. இப்பிடித்தான் ஓடுவாங்கள்."

"இவ்வளவுதான் எண்டால் நானும் ஓடுவன்."

நியாயமான பேச்சு. விளக்கினேன். இந்த மாதிரிப் போட்டியில் எத்தனை நிமிடத்தில் ஓடினாய் என்று யாரும் கேட்கமாட்டார்கள். யார் முதல்? அது ஒன்றுதான் கேள்வி. முன்னால் போகிறவன் காற்றோடு மல்லுக்கட்ட வேண்டும்; பின்னால் வருகிறவன் அவன் முதுகில் ஒளிந்துகொண்டு சொகுசாக வருவான். அப்படியென்றால் எந்த மடையன் முன்னால் போவான்? எல்லாரும் காத்திருப்பார்கள். கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும். அதற்குப் பிறகுதான் ஓட்டம்.

நான் சொல்லி முடிக்கவும் மணி அடிக்கவும் சரியாக இருந்தது. பன்னிரண்டு பேரும் பேய் பிடித்த மாதிரிப் பறந்தார்கள். மனைவி துள்ளி எழும்ப, மடியிலிருந்த பயற்றங்காயெல்லாம் நிலத்தில் சிதறியது.

"இஞ்சாருங்கோ, எங்கட கலியாணத்துக்கு லீவு எடுக்க நீங்களும் இப்பிடித்தானே ஓடினியள்?" என்று பொறுக்கிக்கொண்டே கேட்டாள்.

"ஓம்" என்றேன். பிறகு தண்ணீர் குடிக்கிற சாட்டில் குசினிப் பக்கம் போய்விட்டேன்.

நான் ஓடி வென்று அவளைக் கட்டியவன் என்பது எங்கள் வீட்டில் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் தெரிந்த வீரக்கதை. நாற்பது வருடமாகச் சொல்லி வருகிறேன். அதில் ஒரே ஓர் இடத்தை மட்டும் சொல்லாமல் தாண்டிப் போவேன். இன்றைக்குத் தாண்டுவதாக இல்லை.

யுத்த காலம். திருகோணமலைக்கு ஜப்பான்காரன் குண்டு போட்டுப் போன அடுத்த வருடம். துறைமுகம் முழுக்கப் போர்க்கப்பல். நான் கப்பல் திருத்துகிற டொக்யார்டில் டைப் அடிக்கிற கிளார்க். இருபத்துமூன்று வயது. ஒல்லி உடம்பு, பெரிய வாய். குண்டு விழுந்த கையோடு நிலாவெளியிலிருந்த என் வருங்கால மாமனார் குடும்பத்தோடு மட்டக்களப்புக்கு ஓடிப்போனார். கலியாணம் ஒத்திப்போனது. மறுபடி நாள் வைத்தார்கள். எனக்கு லீவு இல்லை. யுத்தம் என்று யாருக்கும் லீவு இல்லை. அதுவும் ஒத்திப்போனது. மூன்றாந்தரம் ஆவணியில் நாள் வைத்துவிட்டு மாமனார் கடிதம் எழுதினார். 'இம்முறையும் நீர் வராவிடில் நாம் வேறு இடம் பார்க்க நேரிடும்.' கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கடிதத்தை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே திரிந்தேன்.

என் கூட்டாளி தங்கராசா. என் வயதுதான். பட்டறையில் இயந்திரம் பூட்டுகிற பிற்றர். ஊர் இலங்கைத்துறை. அவனுக்கும் லீவுப் பிரச்சினை. தலைப்பிள்ளை பிறந்திருந்தது. பெண்பிள்ளை. அவன் இன்னும் முகம் பார்க்கவில்லை. கடல்வழியே லோஞ்சில் மூதூருக்குப் போய், அங்கிருந்து வண்டியும் நடையுமாகப் போகவேண்டிய தூரம். ஒரு நாளில் போய்வர ஏலாது. பிள்ளைக்கு முப்பத்தொன்று, அதுதான் முப்பத்தோராம் நாள் சடங்கு, வருகிறது. அன்றைக்காவது வீட்டில் நிற்கவேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தான்.

இந்த நேரத்தில்தான் எங்கள் பகுதி வெள்ளைக்காரத் துரைக்கு ஒரு யோசனை உதித்தது. வேலையாட்கள் எல்லாம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிகிறார்களாம். விளையாட்டுப் போட்டி வைக்க வேண்டுமாம். ஒரு மைல் ஓட்டத்தில் முதலாவதாக வருகிறவனுக்கு... ஏழு நாள் லீவு!

தங்கராசா பள்ளிக்கூடக் காலத்தில் ஓடிப் பரிசு வாங்கியவன். நான் பஸ்ஸைப் பிடிக்கக்கூட ஓடாதவன். ஆனாலும் என்னை விட்டானா? வேலை விட்டதும் கடற்கரைக்கு இழுத்துக்கொண்டு போனான். தினமும் மணலில் ஓட்டம். ஓட்டத்தைவிடப் பேச்சுத்தான் கூட.

"முன்னுக்கு ஓடுறவன் மடையன், கனகு. கச்சான் காத்து அவன்ர நெஞ்சிலதான் அடிக்கும். நான் ஆருக்கெண்டாலும் பின்னால நிக்கிறன். நீ எனக்குப் பின்னால நில். மணி அடிக்குமட்டும் அசையாதை."

"மணி அடிச்சால்?"

"பிறகு நீ ஆரோ, நான் ஆரோ. ரெண்டு பேரில ஒராள் எண்டாலும் வீட்டை போகட்டும்."

எப்படிப்பட்ட மனுசன், பாருங்கள். எனக்கு ஓட்டம் பழக்கினால் தனக்குத்தான் நட்டம் என்று அவனுக்குத் தெரியாதா? தெரியும்.

போட்டிக்கு இரண்டு நாள் முன்னால் துரை ஒரு நோட்டீஸ் எழுதிக் கொடுத்தார். ஆங்கிலத்தில். டைப் அடித்தவன் நான்தான். அதில் நாலாவது வரி: மணியை விஷவாயு எச்சரிக்கைக்காக ஒதுக்கியிருப்பதால் அது அடிக்கப்படமாட்டாது, கடைசிச் சுற்றுக்கு வெள்ளைக்கொடி காட்டப்படும். அடித்து, பலகையில் நானே ஒட்டினேன். அந்தப் பலகைப் பக்கம் யாரும் போவதில்லை. அதில் நல்ல சேதி வந்ததாகச் சரித்திரம் இல்லையே!

அன்று மாலையும் தங்கராசாவோடு கடற்கரையில் ஓடினேன். மணி அடிக்காதாம் என்று சொல்ல வாயெடுத்தேன். மாமனாரின் முத்தான கையெழுத்து கண்ணுக்கு முன்னால் வந்தது. நாளைக்குச் சொல்லலாம் என்று விட்டுவிட்டேன். நாளைக்கும் சொல்லவில்லை.

போட்டி நாள். ஆடி மாதக் கடைசி. கச்சான் காற்று புழுதியை வாரி வீசுகிறது. சின்ன மைதானம், எட்டுச் சுற்று ஓடினால் ஒரு மைல். சுண்ணாம்பில் கோடு போட்டிருந்தார்கள். எட்டுப் பேர் நின்றோம். எட்டுப் பேருக்கும் லீவு வேண்டும். கன்டீன் சமையல்காரர் ஒருவர் மட்டும் சீறிக்கொண்டு முன்னால் பாய்ந்தார். இரண்டாவது சுற்றில் காற்று அவரைப் பிடித்தது. விலாவைப் பிடித்துக்கொண்டு புல்லில் உட்கார்ந்துவிட்டார்.

மற்ற ஏழு பேரும்? கோயில் வீதிதான் சுற்றினோம்.

"டேய், செத்த வீட்டுக்கோ போறியள்?" என்று யாரோ கத்தினான். துரை மணிக்கூட்டைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். நாங்கள் அசையவில்லை. தங்கராசா ஒரு பெயின்ரரின் முதுகில் ஒளிந்திருந்தான். நான் தங்கராசாவின் முதுகில். அவனுடைய பனியனில் தோள் பக்கம் ஒரு தையல் போட்ட கிழிசல் இருந்தது. ஏழு சுற்றும் அதைத்தான் பார்த்துக்கொண்டு ஓடினேன். இப்போதும் கண்ணை மூடினால் அந்தத் தையல் தெரியும்.

ஏழாவது சுற்று முடியும் இடத்தில் ஒரு மாலுமி நின்றான். கையில் வெள்ளைத் துணி. காற்று அதை அவன் கையோடு சுற்றிவிட்டிருந்தது. எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்தவன் கண்ணுக்குத்தான் படும். எனக்குப் பட்டது.

அந்த நேரம் பார்த்துத் தங்கராசா தலையைத் திருப்பினான்.

"கனகு, இனி வாறது கடைசிச் சுத்துத்தானே? மணி அடிக்கக் காணேல்லை..."

வாசகர்களே, நாங்கள் ஒழுங்காக வேகமாக ஓடியிருந்தால் பொய் சொல்ல எனக்கு மூச்சு இருந்திருக்காது. மெதுவாக ஓடினதால்தான் வந்த வினை. யோசிக்கவும் நேரம் இருந்தது, பேசவும் மூச்சு இருந்தது.

"இல்லையடா. அதுக்குப் பிறகும் ஒண்டு கிடக்கு."

"ஓமோம். எனக்குத்தான் பிசகிப்போச்சு" என்று திரும்பிக்கொண்டான். ஒரு கேள்வி கேட்கவில்லை. அவன் எண்ணிவந்த கணக்கைவிட என் சொல் அவனுக்குப் பெரிதாக இருந்தது.

பாதிச் சுற்றில் நான் வெளியே விலகிப் பாய்ந்தேன். பின்னால் அவன் குரல்... காற்றையும் மீறிக் கேட்டது.

"டேய் கனகு! அவசரப்படாதை! மணி இன்னும் அடிக்கேல்லையடா! களைச்சு விழப்போறாய்!"

என்னைக் காப்பாற்றத்தான் கத்தினான்.

நான் நூலை அறுத்துக்கொண்டு போய் விழுந்தேன். திரும்பிப் பார்த்தால் ஆறு பேரும் ஆறுதலாக வந்து, கோட்டைத் தாண்டி, அடுத்த சுற்றுக்குப் போய்க்கொண்டிருக்கிறார்கள்! தங்கராசா அப்போதும் பெயின்ரரின் முதுகில். மைதானமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. அவசரப்பட்டு ஓடி விழுந்த என்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைத்தானாம். பாவம் கனகு என்று மனம் வருந்தினானாம். பிறகு அவனே சொன்னது.

நான் மட்டக்களப்புக்குப் புறப்பட்ட அன்று ஸ்ரேசனுக்கு வந்தான். கையில் ஒரு தகர டின். பிள்ளையின் முப்பத்தொன்றுக்கென்று, பங்கீட்டுக் கூப்பனுக்குக் கிடைத்த சீனியை வாயில் போடாமல் சேர்த்து வைத்திருந்தான்.

"இனி எனக்கு என்னத்துக்கு? உன்ர கலியாணத்துக்குப் பாயாசம் வையுங்கோ. சுத்தை மறந்தவன் நான்தானே, நீ ஏன் முகத்தைத் தொங்கப்போடுறாய்?"

வாங்கிக்கொண்டேன். கல்லோயாவில் ரயில் மாறும்வரை அந்த டின்னை மடியிலேயே வைத்திருந்தேன். யுத்த காலத்தில் இவ்வளவு இனிப்பான பாயாசமா என்று கலியாண வீட்டில் எல்லாரும் மெச்சினார்கள். என் மனைவி இன்றைக்கும் அதைச் சொல்லுவாள். எனக்கு அன்று ஒரு வாய் இறங்கவில்லை.

தங்கராசாவுக்கு மார்கழியில்தான் லீவு கிடைத்தது. "என்னைக் கண்டு வீரிட்டுக் கத்துறாள், ஆரோ பிற ஆம்பிளை எண்டு" என்று வந்து சொல்லிச் சிரித்தான். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது?

அந்தப் பிள்ளைக்கு இப்போது மூன்று பிள்ளைகள். திருகோணமலை அன்புவழிபுரத்தில் அவள் வீட்டில்தான் தங்கராசா இருக்கிறான். நான் மட்டக்களப்போடு ஒதுங்கிவிட்டேன். பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தியை ஒரு வாரமும் தவறாமல் வாசித்து, பிழை கண்டுபிடித்துத் தபாலட்டை போடுகிற வாசகர் ஒருவரைப் பற்றி முன்பு உங்களுக்கு முறைப்பாடு செய்திருக்கிறேன், ஞாபகமா? அவன்தான். ஒவ்வொரு அட்டையிலும் பெயருக்குப் பதிலாக 'சுத்து மறந்தவன்' என்றுதான் எழுதுவான். வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் எனக்கு முள் குத்தும்.

புதன்கிழமையும் ஓர் அட்டை வந்தது. 'டிவியில ஓட்டம் பாத்தியோ? எங்களை மாதிரியே நிண்டு நிண்டு ஓடினாங்கள். நல்ல காலம், அவங்களுக்கு மணி அடிச்சுது. எனக்கு இப்பவும் விளங்கேல்லை கனகு, நான் எப்பிடி ஒரு சுத்தை விட்டனான்?'

நாற்பது வருடமாக ஒரு மனுசன் தன் மூளையைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருக்கிறான். இதற்கு மேலும் மறைத்தால் நான் மனுசனில்லை. அடுத்த வாரம் அந்தத் தபாலட்டை வராமலே போகலாம். வராவிட்டால் அதுதான் நியாயம்.

தங்கராசா, நீ எண்ணினது சரிதானடா.